அனுபவமின்மைக்கு யார் காசு கொடுப்பது?

1881ஆம் ஆண்டில் மூன்று காரியங்கள் நடந்தன. பாரிஸ் வணிகச் சபை, எச்ஈசி என்று இன்று உலகம் முழுக்க அறியப்படுகிற உயர் வணிகப் பள்ளியைத் தொடங்கியது. அமெரிக்காவில் ஜோசப் வார்ட்டன் என்ற தொழிலதிபர் கொடுத்த 1,00,000 டாலரில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்குள் வார்ட்டன் பள்ளி பிறந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 21ஆம் தேதி பிரெஞ்சிந்தியாவுக்காக ஓர் அரசாணை வந்தது. தன் குல வழக்கச் சட்டத்தைத் துறக்கிறேன் என்று எழுதிக் கொடுத்து, ஒரு குடும்பப் பெயரையும் சூட்டிக்கொண்டால், புதுச்சேரிக்காரர் பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வந்துவிடலாம் என்றது அந்த ஆணை. துறந்தவர்களை ‘ரெனோன்சான்’ என்றார்கள்.

மூன்றுக்கும் ஒன்றுக்கொன்று எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் இன்று பாகூர் பக்கத்திலோ வில்லியனூர் பக்கத்திலோ பி.டெக் முடித்த ஒரு பையன் லேப்டாப்பைத் திறந்து வெளிநாட்டு வணிகப் படிப்புக்கு விண்ணப்பம் நிரப்பும்போது, இந்த மூன்று கதைகளும் அவன் முன்னால் ஒன்றாக வந்து நிற்கின்றன. பெயர், மதிப்பெண், ஆங்கிலத் தேர்வு எல்லாம் நிரப்பியாயிற்று. அடுத்த கட்டம்: முழுநேரப் பணி அனுபவம் எத்தனை மாதம்? அங்கே விரல் நின்றுவிடுகிறது. எட்டு மாதம். அதிலும் மூன்று மாதம் பயிற்சி.

சொந்தக்காரப் பசங்க, தெரிந்தவர்களின் தம்பி தங்கைகள் என்று வருஷத்துக்கு நாலு பேராவது என்னிடம் இதைக் கேட்கிறார்கள். “அண்ணா, எக்ஸ்பீரியன்ஸ் கம்மியா இருக்கு, எம்பிஏ குடுப்பாங்களா? இல்ல அந்த மிம் போடலாமா?” ஐடியில் பத்து வருஷத்துக்கு மேல் இருப்பதால் எனக்கு இதெல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. எனக்கோ இந்தக் கேள்வியைவிட அதற்குப் பின்னால் இருக்கிற வேறொரு கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. அனுபவமில்லாத ஒருவரை அனுபவசாலியாக்கச் செலவு ஆகும். காலமும் பணமும் போகும். தோற்கும் வாய்ப்பும் உண்டு. அந்தச் செலவை யார் சுமப்பது? இதற்கு நம் ஊர்ப்பக்கமே வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பதில்கள் சொல்லியிருக்கிறது.

முதல் பதில் செப்பேட்டில் இருக்கிறது. பாகூருக்குப் பழைய பெயர் வாகூர். 9ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், வாகூரில் இருந்த ஒரு வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் தானமாகக் கொடுக்கப்பட்டன. சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி. இந்த ஊர்களின் வருமானம் அந்தக் கல்விச்சாலைக்கு. இதற்குப் பெயர் வித்யாபோகம்.

வில்லியனூரிலிருந்து மேற்கே போனால் வருகிற திருபுவனையிலும் இதே கதை. 1048இல், முதலாம் ராஜாதிராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு அங்கே 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்த ஒரு கல்லூரியைச் சொல்கிறது. அதற்கென 72 வேலி நிலம் ஒதுக்கப்பட்டிருந்தது. படிக்கிறவன் கையைவிட்டு எதுவும் போடத் தேவையில்லை. படித்து முடித்து ஒன்றுக்கும் உதவாதவனாகப் போனாலும் அவன் வீட்டில் எதுவும் ஏலத்துக்கு வராது. நெல் முன்கூட்டியே அளந்தாயிற்று.

இதைப் பொற்காலம் என்று கொண்டாட நான் வரவில்லை. அது வேதமும் சாத்திரமும் கற்பித்த இடம். அந்த நெல்லை நட்டு அறுத்தவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே இடம் கிடையாது. மூன்று ஊரின் உழைப்பு, சிலருடைய படிப்பு. ஆனால் கணக்கின் அமைப்பை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு கல்லூரியின் அபாயத்தை மூன்று ஊர்கள் பகிர்ந்துகொண்டன.

இரண்டாவது பதில் வணிகத்தை நேரடியாகத் தொட்டது. புதுச்சேரிக்குத் தெற்கே, செட்டிநாட்டில், நகரத்தார் தங்கள் வட்டிக்கடைகளை ரங்கூன், பினாங்கு, சைகோன் என்று விரித்த காலம். ஒரு சிறுவன் கடைக்குள் ‘பெட்டியடிப் பையன்’ என்ற பெயரில் நுழைவான். கைப்பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து ஏவிய வேலையைச் செய்வான். கணக்கு எழுதுவதைப் பார்ப்பான். பிறகு அடுத்தாள். தேறினால் மேலாள்; ஒரு கடையையே நடத்துகிற பொறுப்பு. கடல்கடந்து போகிறவர்களுக்குப் பொதுவாக மூன்று ஆண்டுத் தவணை. முடித்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும்.

யோசித்துப் பார்த்தால் இதுதான் நம்மிடம் இருந்த வெளிநாட்டு வணிக முதுகலை. வகுப்பறை இல்லை, பட்டம் இல்லை. ஆனால் அனுபவமில்லாமல் உள்ளே வந்து அனுபவத்தோடு வெளியே போகும் வழி இருந்தது. இங்கே செலவை ஏற்றது முதலாளி. பையன் தப்புக்கணக்கு எழுதினால் நஷ்டம் கடைக்கு. அதனால் அவனைச் சரியாகத் தேர்ந்தெடுக்கவும் சரியாகப் பழக்கவும் கடைக்கே அக்கறை இருந்தது. இதிலும் கதவு குறுகல்தான். சொந்தபந்தம், சாதி என்கிற வளையத்துக்குள்ளேதான் எல்லாமே.

மூன்றாவது பதில் புதுச்சேரிக்கே உரியது. 1880 மார்ச் 12 ஆணையின்படி பிரெஞ்சிந்தியாவில் கொம்யூன்கள் அமைக்கப்பட்டன; வில்லியனூரும் பாகூரும் அப்படித்தான் கொம்யூன் ஆயின. அடுத்த ஆண்டே துறப்பு ஆணை. இந்த இயக்கத்தின் முகம் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர். ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்கு வந்தார் என்பதற்காக 1873இல் தடுக்கப்பட்டு, பாரிஸ்வரை வழக்கைக் கொண்டுபோய் வென்றவர். பின்னாளில் லாபோர்த் என்ற பெயரைச் சூடிக்கொண்டார். எதிர்ப்பக்கம் சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் சாதி இந்துக்கள் திரண்டார்கள். வழக்கச் சட்டத்தை விட்டால் சாதி போச்சு என்பது அவர்கள் பயம். அந்தப் பயம் இல்லாதவர்கள், அல்லது சாதியால் இழக்க எதுவும் இல்லாதவர்கள், முக்கியமாகக் கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும், அதிகமாகக் கையெழுத்திட்டார்கள்.

கையெழுத்துக்குப் பலன் வெகுதூரத்தில் கிடைத்தது. பிரெஞ்சுக்காரர்கள் கொச்சின்சீனா என்று அழைத்த தென் வியட்நாமில் ஆட்சி நடத்த, பிரெஞ்சு எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். சுங்கம், காவல், நீதிமன்றம், வரிவசூல் என்று புதுச்சேரிக்காரர்கள் கப்பலேறினார்கள். பட்டாளத்தில் சேர்ந்தவர்களுக்கு ஊரில் ‘சொல்தா’ என்று பெயர். அவர்களிடம் அரசு முன் அனுபவம் கேட்கவில்லை. கேட்டது மொழியும் குடிமை நிலையும். வேலைக்கு எடுத்து, சம்பளம் கொடுத்து, கடைசியில் ஓய்வூதியமும் கொடுத்தது. அனுபவமின்மையின் செலவு பேரரசின் கணக்கில் எழுதப்பட்டது. அந்தப் பேரரசின் காசு வியட்நாமிய உழவர்களின் வரியிலிருந்தும் வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் வரலாறு நேர்மையாக இருக்காது.

பேரரசு போனதும் கதவும் மூடியது. 1954இல் இந்தோசீனப் போர் முடிந்தது. அதே ஆண்டு அக்டோபர் 18 அன்று, வில்லியனூரை அடுத்த கீழூரில், 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய, 8 பேர் எதிர்த்து. நவம்பர் 1 முதல் நிர்வாகம் கைமாறியது. 1956இல் கையெழுத்தான ஒப்படைப்பு ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தபோது, இங்கே பிறந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம். அதற்குள் எழுத்தில் அறிவித்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் தானாகவே இந்தியர்.

அந்த ஆறு மாதத்தின் நிழல் இன்றைய விண்ணப்பத்திலும் விழுகிறது. தாத்தா அன்று கையெழுத்திட்டிருந்தால் பேரனுக்கு விசா என்ற பேச்சே இல்லை. தாத்தா கையெழுத்திடாத வீட்டுப் பேரன் அதே தெருவிலிருந்து தூதரக நேர்காணல், வங்கிக் கையிருப்பு, கடன் கடிதம் என்று ஓட வேண்டும். இருவருக்கும் அதே மதிப்பெண், அதே எட்டு மாத அனுபவம்.

சரி, அந்த அனுபவத்தை இந்தப் பள்ளிகள் எப்போதிலிருந்து கேட்க ஆரம்பித்தன? ஆரம்பத்தில் யாரும் கேட்கவில்லை. பிரான்ஸின் வணிகப் பள்ளிகள் நுழைவுத்தேர்வு எழுதித் தேறிய இளைஞர்களை எடுத்தன. அந்த மரபு இன்றும் அங்கே தொடர்கிறது. ஹார்வர்ட் 1908இல் எம்பிஏ தொடங்கியபோதும் கல்லூரி முடித்த கையோடு பையன்கள் வந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் அமெரிக்கப் பள்ளிகளில் மூன்று, நான்கு ஆண்டு அனுபவம் என்பது வழக்கமாகி, பிறகு எழுதப்படாத விதியானது. வகுப்பில் ஒரு நிறுவனத்தின் சிக்கலை வைத்து விவாதிக்க வேண்டுமென்றால், சிக்கலில் மாட்டியவர்கள் நாலு பேராவது உட்கார்ந்திருக்க வேண்டும். வேலைக்கு எடுக்கிற நிறுவனங்களும், பட்டத்தோடு பழக்கத்தையும் எதிர்பார்த்தன. கனடியப் பேராசிரியர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் 2004இல் எழுதிய புத்தகத்தில் இன்னும் ஒருபடி மேலே போனார்: வேலையே பார்க்காதவரை வகுப்பறையில் மேலாளராக்க முடியாது என்பதுதான் அவர் வாதம்.

இந்தியா இதில் வேறு பாதை. 1961இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் ஐஐஎம்கள் தொடங்கின. ஒன்றுக்கு எம்ஐடி துணை, மற்றதுக்கு ஹார்வர்ட் துணை. பாடம் அமெரிக்காவிலிருந்து வந்தது. மாணவர்களோ கல்லூரியிலிருந்து நேராக வந்தார்கள். பொறியியல் முடித்தவுடன் கேட் தேர்வு, அப்புறம் ஐஐஎம் என்ற பாதை நடுத்தரவர்க்க மூளையில் அப்படித்தான் பதிந்தது. அதனால் எம்பிஏ என்றாலே பி.டெக்குக்கு அடுத்த வகுப்பு என்று நம் வீடுகளில் நினைக்கிறார்கள். 2001இல் ஹைதராபாத்தில் ஐஎஸ்பி வந்து, வேலை பார்த்துவிட்டு வா என்று சொன்னபோதுதான் உலகத்தில் இந்தச் சொல்லுக்கு வேறு பொருளும் உண்டு என்று இங்கே பலருக்கும் உறைத்தது.

ஐரோப்பா இன்னொரு கதவைத் திறந்தது. 1999 பொலோனியா உடன்படிக்கைக்குப் பிறகு பழைய நீண்ட பட்டங்கள் இளங்கலை, முதுகலை என்று இரண்டாகப் பிரிந்தன. முதுகலை தனியாக நின்றதால் வெளியிலிருந்து வருகிறவர்களும் அதில் நுழைய முடிந்தது. வேலை அனுபவம் இல்லாதவர்களுக்கான ‘மாஸ்டர்ஸ் இன் மேனேஜ்மென்ட்’, பசங்க சொல்கிற மிம், உலகச் சந்தைக்கு வந்தது இப்படித்தான். 2005 முதல் இதற்கென்று தனித் தரவரிசையே வெளியாகிறது. மிம்மை ஏழைகளின் எம்பிஏ என்று நினைக்க வேண்டாம். இரண்டும் வேறு வேறு ஆட்களுக்கு. எம்பிஏ ஏற்கெனவே பார்த்த வேலையிலிருந்து மேலே ஏற. மிம் முதல் வேலைக்குள் நுழைய. எட்டு மாத அனுபவத்தோடு எம்பிஏ கேட்கிற பையனிடம், கேள்வியே கேட்காமல் இடம் கொடுக்கிற எம்பிஏ ஒன்று வந்தால், அந்த வகுப்பில் தன் பக்கத்தில் உட்காரப் போவது யார் என்று முதலில் விசாரிக்கச் சொல்வேன். எல்லாரும் அவனைப் போலவே என்றால், அவன் வாங்குவது பெயரை மட்டும்தான்.

இப்போது பழைய கேள்விக்குத் திரும்பலாம். இந்தப் படிப்பில் செலவைச் சுமப்பது யார்? முன்னணி பிரெஞ்சு வணிகப் பள்ளிகளில் மிம் கட்டணம் மட்டும் 40,000 யூரோவைத் தாண்டும். இன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 40 லட்சம் ரூபாய். தங்கும் செலவு தனி. நம் வங்கிகளின் பொதுவான கல்விக்கடன் முறையில் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஈடு வேண்டும்.

பாகூர் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். வீட்டில் சொத்து என்றால் ஏரிப்பாசன வயல். ஆனால் கடன் தவறினால் வங்கி நீதிமன்றம் போகாமலே ஈட்டைக் கைப்பற்ற வழிசெய்த 2002ஆம் ஆண்டின் சர்பேசி சட்டம், விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. உழவனைக் காப்பதற்காக வைத்த விலக்கு. அதன் பக்கவிளைவு, கல்விக்கடனுக்கு வயலை ஈடாக வைத்துக்கொள்ள வங்கிகள் தயங்கும். வீடு கேட்பார்கள், மனை கேட்பார்கள். அப்படியானால் வயல்காரக் குடும்பத்துக்கு மிச்சம் இருப்பது குடியிருக்கிற வீட்டை எழுதிக் கொடுப்பது, தனியாரிடம் கூடுதல் வட்டிக்குப் போவது, இல்லையென்றால் வயலையே விற்பது. வாங்குகிறவர் கல் நட்டு மனை போடுகிறார்.

வாகூரில் மூன்று ஊர் சுமந்ததை, செட்டிநாட்டில் ஒரு கடை சுமந்ததை, சைகோனில் ஓர் அரசு சுமந்ததை இன்று ஒரே ஒரு குடும்பம் சுமக்கிறது. அதுவும் தனக்குத் தெரியாத நாட்டின், நாளைக்கே மாறக்கூடிய விதியை நம்பி. பிரிட்டன் படிப்புக்குப் பின் வேலை தேடும் அனுமதியை 2012இல் நிறுத்தியது, 2021இல் இரண்டு ஆண்டாகத் திறந்தது, இப்போது 18 மாதமாகக் குறைக்க முடிவெடுத்திருக்கிறது. கடன் தவணையோ எந்த நாட்டு அமைச்சர் மாறினாலும் மாறாது.

அதனால் கல்லூரியின் தரவரிசையைப் பார்ப்பதற்கு முன்னால், அபாயத்தை யாராவது பங்குபோட்டுக்கொள்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பார்த்தால் பட்டியலின் வரிசையே மாறிவிடும்.

ஓராண்டுப் படிப்பு மலிவாகத் தெரியும். பிரிட்டனில் செப்டம்பரில் இறங்குகிறோம். பெரிய நிறுவனங்களின் புதியவர் சேர்க்கை பலவும் இலையுதிர் காலத்திலேயே மூடிவிடும். முதல் தேர்வு முடிவு வருவதற்குள் விண்ணப்பிக்கும் காலம் போய்விட்டது. ஏற்கெனவே நாலு வருஷம் வேலை பார்த்தவருக்கு இந்த வேகம் சரி. எட்டு மாதக்காரருக்கு நீளமான படிப்புதான் பாதுகாப்பு. பிரெஞ்சு மிம்மில் இரண்டு கல்வியாண்டுக்கு நடுவே ஓராண்டு விடுப்பெடுத்து நிறுவனங்களில் பயிற்சி பெறுவது வழக்கம். அனுபவக் கட்டம் அங்கேயே நிரம்பும்.

அதைவிட மேல், பிரான்ஸின் தொழிற்பயிற்சி ஒப்பந்தம். 1987ஆம் ஆண்டுச் சட்டம் அதை உயர்கல்விக்கும் திறந்துவிட்டது. கொஞ்ச நாள் வகுப்பு, கொஞ்ச நாள் நிறுவனம் என்று மாறி மாறி. கட்டணம் மாணவர் தலையில் விழாது. மாதச் சம்பளமும் உண்டு. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் பொதுவாக அங்கே முதல் ஆண்டை முடித்த பிறகுதான் இதில் சேர முடியும். ஒரு நிறுவனம் ஒப்புக்கொள்ளவும் வேண்டும். கிடைத்தால், அது பெட்டியடிப் பையன் முறைதான். பட்டமும் சேர்ந்து வருகிறது.

பிரெஞ்சு அரசுப் பல்கலைக்கழகங்களுக்குள் 1955 முதல் ஐஏஈ என்ற நிர்வாகப் பள்ளிகள் இருக்கின்றன. 2019இல் வெளிநாட்டவருக்குக் கட்டணத்தை உயர்த்தியபோதுகூட முதுகலைக்கு ஆண்டுக்கு 3,770 யூரோதான் வைத்தார்கள். தனியார் பள்ளியின் 40,000க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆனால் பாடம் பெரும்பாலும் பிரெஞ்சில். ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கட்டணமே வாங்குவதில்லை. அங்கே இடறும் இடம் வேறு: நிர்வாக முதுகலைகள் பலவும் இளங்கலையிலேயே குறிப்பிட்ட அளவு வணிகப் பாடம் படித்திருக்க வேண்டும் என்கின்றன. பி.டெக் காரர் அனுபவத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்க, நிராகரிப்பு பாடக்கணக்கில் வந்துவிடும். பி.காம் படித்த தங்கைக்கு அந்தக் கதவு அண்ணனைவிட எளிதாகத் திறக்கலாம்.

மொழி என்றதும் பசங்க முகம் சுருங்குகிறது. வகுப்பு ஆங்கிலத்தில்தானே என்பார்கள். வகுப்பு ஆங்கிலத்தில், பயிற்சிக்கு எடுக்கிற நிறுவனத்தின் மதிய உணவு மேசை ஆங்கிலத்தில் இல்லை. புதுச்சேரியில் பிரெஞ்சை மார்க்குக்காக எடுத்துவிட்டுப் பரீட்சையோடு மறந்துபோகிறவர்கள் எவ்வளவோ பேர். 1881க்குப் பிறகு கப்பலேறியவர்களிடம் இருந்த ஒரே மூலதனம் அந்த மொழிதான். வேலை பார்த்துக்கொண்டே ஒரு வருஷம் அதை மீட்டெடுத்தால், விண்ணப்பத்தில் எட்டு மாதம் இருபது மாதமாகும், நாற்பது லட்சக் கடன் சில லட்சமாகச் சுருங்கவும் வழி பிறக்கும். ஒரு வருஷம் தள்ளிப்போடுவதைத் தோல்வி என்று நினைக்கிற வீடுகளில் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுத்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் ஒரு தனிமனிதர் செய்யக்கூடியது. அதற்குமேல் ஒன்று பாக்கி இருக்கிறது. நிருபதுங்கன் காலத்துச் செப்பேடு எழுதியவர்கள் தானம் கொடுத்த ஊர்களின் எல்லைகளை நாலு திசைக்கும் குறித்து வைத்தார்கள். படிப்புக்குப் பின்னால் எந்த நிலம் நிற்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது என்பதற்காக. இன்று அதே பாகூரில் ஒரு பிள்ளையின் படிப்புக்குப் பின்னால் நிற்கிற நிலத்தின் நான்கெல்லையும் வங்கியின் பத்திரத்தில் இருக்கிறது. மூன்று ஊருக்குப் பதிலாக இப்போது முக்கால் கிரவுண்டு வீடு, அதில் குடியிருக்கிற நாலு பேர். கையெழுத்துப் போடும் முன் அந்த நாலு பேரையும் உட்காரவைத்து, எந்தக் கல்லூரி, எத்தனை மாதம், முதல் சம்பளம் வர வாய்ப்புள்ள நாள் எது, வராவிட்டால் என்ன செய்வது என்று சொல்லிவிட்டுப் போகட்டும்.